அம்பு முறியும் இடம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, நானும் எல்லோரையும் போல "கல்லூரி நினைவுகள்" என்று தலைப்புப் போட்டுத்தான் உட்கார்ந்தேன். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், கடைசி பெஞ்சைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, எங்கேயோ கலிபோர்னியா மலைகளில் போய் முடிகிற ஒரு சரித்திரத்தைச் சொல்லலாம் என்று ஆசை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு கத்திமுனைகள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றின் மேல் ஒரு மீட்டர் அளவுகோல். நடுவில் எடைத்தாங்கி. அதற்கு மேலே மெழுகில் நட்ட குண்டூசி. எதிரே நகரும் நுண்ணோக்கி. ஐம்பது ஐம்பது கிராமாக எடையை ஏற்றி, ஊசிமுனை எவ்வளவு இறங்கியது என்று ரீடிங் எடுத்து, யங் குணகம் கண்டுபிடித்து, ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். "இந்தக் கட்டை வளைஞ்சா என்ன, வளையாட்டி என்ன? இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அன்று என் பக்கத்தில் நின்ற நண்பன் கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. பல வருஷம் கழித்துத்தான் பதில் கிடைத்தது. உலகத்தில் வில் பிடிக்கிற ஒவ்வொருவனும் தன் அம்பைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பரிசோதனையை வைத்துத்தான்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். அது குற்றமாகவே இருக்கட்டும். நான் சொல்லப் போவது, வில்வேட்டை சட்டப்படி நடக்கிற அமெரிக்காவின் கதை. அதிலும் வேட்டையைவிட அம்பின் கதை.

கசாப்புக் கொட்டில் வாசலில்

1911-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி. வட கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே இருந்த கசாப்புக் கொட்டில். அதன் வேலி ஓரத்தில், பசியால் இளைத்துத் துரும்பாகிப்போன ஒரு மனிதர் பிடிபட்டார். அவர் பேசிய மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. யாஹி என்ற சிறு பழங்குடியில் மிஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? 1848-இல் தொடங்கிய தங்க வேட்டையில் வந்து குவிந்த வெள்ளைக்காரர்கள், அந்த மலைச்சரிவில் இருந்த ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றார்கள். 1865-இல் நடந்த படுகொலைக்குப் பிறகு எஞ்சிய ஒரு சிலர் டீர் கிரீக், மில் கிரீக் ஓடைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஏறக்குறைய நாற்பது வருஷம்! துப்பாக்கி வெடித்தால் சத்தம் ஊருக்குக் கேட்கும். வில்லுக்குச் சத்தம் கிடையாது. அவர்களுக்கு அம்பு என்பது வீர விளையாட்டு அல்ல, அன்றாடச் சோறு.

1908-இல் நில அளவைக்கு வந்த ஒரு குழு அவர்களுடைய கடைசி இருப்பிடத்தைக் கண்டுபிடித்தது. வந்தவர்கள் வில், அம்பு, கூடை, கருவி எல்லாவற்றையும் "ஞாபகார்த்தமாக" எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நடக்க முடியாமல் கிடந்த அவருடைய தாய் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அடுத்த மூன்று வருஷம் அவர் தனியாள்.

மானுடவியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் குரோபர் அவரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துவரச் செய்தார். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது யாஹி மரபில் இல்லை. அதனால் அவர் கடைசிவரை பெயர் சொல்லவில்லை. "மனிதன்" என்று பொருள்படும் "இஷி" என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக வைத்தார்.

ஐந்து ஐந்தாக

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே 1912-இல் வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், அவருக்கு மாணவராகிவிட்டார். வில் செய்ய, அம்பு செய்ய, குறிபார்க்க எல்லாம் இஷியிடம் கற்றுக்கொண்டார். தான் பார்த்ததை அளவு உட்பட எழுதி 1918-இல் வெளியிட்டார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் நமக்கு இன்று ஒன்றும் தெரிந்திருக்காது.

இஷி அம்பு செய்த விதத்தைக் கேளுங்கள். ஹேசல் என்ற புதரின் நேரான குச்சிகளை வெட்டி, பட்டை உரித்து, கட்டாகக் கட்டி நிழலில் போடுவார். வெயிலில் காயவைத்தால் வெடித்துவிடும். ஒரு வாரமாவது காயவேண்டும். மாதக் கணக்கில் காய்ந்தால் இன்னும் நல்லது. பிறகு தேறிய குச்சியை மட்டும் எடுத்து, வளைந்த இடத்தைத் தணலில் காட்டி, சூடு ஏறியதும் கால் கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்துவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நுனி பார்ப்பார். மறுபடி தணல், மறுபடி அழுத்தல். இப்படி ஐந்து குச்சி முடிந்தால் ஒரு கணக்கு. கைவிரல்தான் அவருக்கு எண்சட்டம்.

நிமிர்ந்த குச்சியைக் காடி வெட்டிய இரண்டு மணற்கற்களுக்கு நடுவே தேய்த்து மழமழப்பாக்குவார். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு கனம் வரும்வரை தேய்ப்பு. அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது. தண்டின் முன்பக்கத்தில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குத் துளை போடுவார். கூரான எலும்பைத் தரையில் நட்டு, கால் கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு, அதன் மேல் தண்டைக் கடைவது போல உள்ளங்கைகளால் சுழற்றுவார். மரம் பிளந்துவிடாமல் இருக்க முதலிலேயே தோல்வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார். அந்தத் துளையில், வேறொரு கனமான, கெட்டி மரத்தில் செய்த ஆறு அங்குல முன்துண்டைச் செருகி, பிசின் வைத்து, மென்று பதமாக்கிய மான் தசைநாரால் சுற்றுவார். அந்த முன்துண்டின் நுனியில்தான் முனை. முனைக்கு எரிமலைக் கண்ணாடிக் கல்லையும், பிற்காலத்தில் வெள்ளைக்காரர் எறிந்த பாட்டில் கண்ணாடியையும் சில்லு சில்லாகப் பெயர்த்துச் செதுக்குவார்.

ஒரே குச்சியில் செய்துவிட்டுப் போகாமல் ஏன் இத்தனை சிரமம்? அம்பு எலும்பிலோ கல்லிலோ மோதும்போது முழு வேகமும் வந்து விழுவது முனைக்கு உடனே பின்னால் இருக்கிற இரண்டு மூன்று அங்குலத்தில். முறிந்தால் அங்கேதான் முறியும். அந்த இடத்தில் கெட்டி மரம் இருந்தால் சுலபத்தில் முறியாது. அப்படியே முறிந்தாலும் முன்துண்டு மட்டும் போகும். வாரக்கணக்கில் உழைத்துச் செய்த தண்டும் இறகும் பிழைத்துக்கொள்ளும். முன்பக்கம் கனம் கூடுவதால் அம்பு நேராகவும் போகும். ஒரே வேலையில் மூன்று லாபம்!

டாக்டரும் சீடர்களும்

இஷி 1916-இல் காசநோயில் இறந்தார். அதைப் பிறகு சொல்கிறேன். அவருக்குப் பின் போப்பும், அவர் நண்பர் ஆர்தர் யங்கும் (நம் யங் குணகத்துக்காரர் வேறு!) வில்லை விடவில்லை. 1920-இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் காட்சிசாலைக்காக, அரசு அனுமதியோடு, எல்லோஸ்டோன் பகுதியில் கிரிஸ்லி கரடிகளை அம்பால் வீழ்த்தினார்கள். 1923-இல் போப் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் நாடெங்கும் பலரை வில் பிடிக்க வைத்தது. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே மான்வேட்டைப் பருவம் அறிவித்தது.

போப் காட்டுக்குச்சியை விட்டுவிட்டு, கடைசலில் உருட்டிய பிர்ச் மரக் கம்புகளைப் பயன்படுத்தினார். கம்பு கடையில் கிடைக்கும். ஆனால் பொறுக்கத் தெரியவேண்டும். மரத்தின் ரேகை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை நேராக ஓடவேண்டும். நடுவில் சாய்ந்து பக்கவாட்டில் வெளியே போய்விட்டால், அந்தச் சாய்வில் ஒரு நாள் பிளக்கும். வில்லை விடுகிற கணத்தில் பிளந்தால் சிம்பு விலங்கைக் குத்தாது, வில் பிடித்த கையைக் குத்தும். இன்றைக்கும் மர அம்பு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது ரேகையைத்தான்.

பிர்ச்சுக்குப் பிறகு புகழ் பெற்றது போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர். ஓரிகன் மாநிலத்தின் தென்மேற்கிலும் கலிபோர்னியாவின் வடமேற்கிலும் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வளர்கிற மரம். நேரான ரேகை, குறைந்த எடை, முறித்தால் இஞ்சி போல ஒரு வாசனை. அம்புக்கென்றே படைத்தது போல இருக்கும். ஆனால் 1952-இல் அந்தக் காட்டுக்குள் ஒரு வேரழுகல் நோய் நுழைந்தது. தண்ணீரோடும், மரம் ஏற்றப் போன லாரிச் சக்கரத்துச் சேற்றோடும் பரவி, ஓடையோரத்து மரங்களைப் பட்டுப்போக வைத்தது. அரசு வனத்துறை நோய் தாங்கும் நாற்றுகளை உருவாக்கி நட்டு வருகிறது.

கேமரா சொன்ன உண்மை

இதற்கு நடுவில் ஒரு புதிர். அம்பு வில்லின் நடுவில் இருந்து புறப்படுவதில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு புறப்படுகிறது. நாண் வில்லின் நடுவை நோக்கி வருகிறது. அப்படியானால் அம்பின் வால் வில்லில் இடித்துப் பக்கமாகத்தானே போகவேண்டும்? எப்படி நேரே போகிறது? ராபர்ட் எல்மர் என்ற டாக்டர் இதற்கு "வில்லாளியின் புதிர்" என்றே பெயர் வைத்துவிட்டார்.

விடை சொன்னவர் கிளாரன்ஸ் ஹிக்மன். ராக்கெட் மேதை காடர்டுடன் முதல் உலகப்போரில் வேலை பார்த்து, பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பௌதிக விஞ்ஞானி. வில் அவருக்குப் பொழுதுபோக்கு. 1930-களில் அதிவேகக் கேமராவை வைத்துப் படமெடுத்தார். பார்த்தால், அம்பு மீன் மாதிரி நெளிகிறது! நாண் தள்ளிய வேகத்தில் ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் வளைந்து, வில்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, பிறகு நேராகிறது. ரொம்ப விறைப்பான அம்பு வளையாமல் வில்லில் உரசும். ரொம்பத் துவளும் அம்பு நேராக ரொம்பத் தூரம் எடுக்கும். நெளிந்துகொண்டே போய் மோதினால் வேகம் பக்கவாட்டில் வீணாகும். தண்டும் முறியும்.

ஆக, வில்லின் பலத்துக்குத் தக்கபடி தண்டின் விறைப்பு இருக்கவேண்டும். அந்த விறைப்புக்கு "ஸ்பைன்" என்று பெயர். அதை அளப்பது எப்படி? அதே கத்திமுனைகள்! மரத் தண்டை 26 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளில் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் இறங்குகிறதோ, அதால் 26-ஐ வகுக்க வேண்டும். அரை அங்குலம் இறங்கினால் விடை 52. அந்தத் தண்டு சுமார் 52 பவுண்டு வில்லுக்கு. இன்றைய கரியிழைத் தண்டுக்கு இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம். இறக்கம் 0.500 அங்குலம் என்றால் தண்டின் மேல் "500" என்று அச்சடித்திருக்கும். "340" என்றால் வளைவு குறைவு, விறைப்பு அதிகம், பலமான வில்லுக்கு.

என் பழைய நண்பனுக்கு இந்தப் பத்தியைப் பதிலாகச் சமர்ப்பிக்கிறேன். பிரயோஜனம் இருக்குடா!

மரம், அலுமினியம், கரியிழை

மரத்தில் ஒரு சங்கடம். ஒரே காட்டு மரத்தில் செய்த பன்னிரண்டு தண்டும் பன்னிரண்டு விதமாக வளையும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கோணும். இதற்கு மாற்றுத் தேடியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் அம்புக் கைவினைஞர் டக் ஈஸ்டன். 1939-இல் அலுமினியக் குழாயைக் கையில் எடுத்தார். 1941-இல் லாரி ஹியூஸ் என்ற வீரர் அலுமினிய அம்புகளால் தேசியப் போட்டியில் வென்றார். உலகப்போர் முடிந்து, 1946-இல் ஈஸ்டன் அலுமினியத் தண்டு தனிப்பெயரோடு சந்தைக்கு வந்தது.

அலுமினியத் தண்டின் மேல் நான்கு இலக்க எண் இருக்கும். உதாரணமாக 2117. முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், அங்குலத்தில் 64-இல் 21 பங்கு. அடுத்த இரண்டு இலக்கம் சுவரின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. அதாவது எட்டு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள குழாய், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சுவர். ஒரு டஜன் வாங்கினால் பன்னிரண்டும் ஒரே மாதிரி வளையும். குறை என்னவென்றால், கல்லில் பட்டால் அது முறியாது, வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் அம்பு குறி தவறும். அதனால் மேஜையில் உருட்டிப் பார்த்து, தத்தளித்தால் ஒதுக்கிவிடுவார்கள்.

1980-களில் கரியிழை தலைகாட்டியது. 1990-களில் வேட்டைக்காரர் கைக்கு வந்தது. வளைந்தாலும் பழையபடி நேராகிவிடும். ஒன்று நேராக இருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும், நடுநிலை கிடையாது. அதில்தான் ஆபத்தும். உள்ளே ஒரு கீறல் விழுந்திருந்தால் வெளியே தெரியாது. அடுத்த முறை நாண் தள்ளும்போது நார்நாராகச் சிதறி வில் பிடித்த கையில் ஏறும். அதனால் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் காதருகே வைத்து வளைத்துப் பார், சத்தம் கேட்டால் தூக்கிப் போடு என்று செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள்.

தண்டு மட்டும் நன்றாக இருந்தால் போதாது. குழாய்க்குள் ஒரு சிறு உலோகத் துண்டை ஒட்டி, அதில்தான் முனையைத் திருகுகிறார்கள். அந்தத் துண்டு அலுமினியமா, பித்தளையா, எஃகா என்பது முக்கியம். ஒட்டுவதற்கு முன் குழாயின் உட்புறத்தைத் துடைத்தார்களா என்பது அதைவிட முக்கியம். பின்பக்கம் நாண் உட்காரும் பிளாஸ்டிக் கவ்வியில் விரிசல் இருந்தாலும் எல்லாம் வீண்.

மூத்தவர்கள் முன்பே கண்டது

1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் எட் ஆஷ்பி என்பவர், பெரிய விலங்குகளில் பாய்ந்த அம்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறிப்பெடுத்தார். எந்த அம்பு ஆழமாகப் போகிறது, எது ஏன் நிற்கிறது என்பது கேள்வி. பிற்பாடு அவர் போட்ட வரிசையில் முதலிடம் வேகத்துக்கும் இல்லை, கூர்மைக்கும் இல்லை. அம்பு உடையாமல், வளையாமல், பிரியாமல் இருக்கவேண்டும், அதுதான் முதலிடம். அடுத்தது நேராகப் பறப்பது. அதற்கடுத்து முன்பக்கக் கனம்.

இதில் ஒரு தர்ம நியாயமும் இருக்கிறது. முனைக்குப் பின்னால் அம்பு முறிந்தால் விலங்கு சாவதில்லை. உள்ளே இரும்போடு புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் துடிக்கும். அதனால்தான் நல்ல வில்வேட்டைக்காரர்கள் அம்பு வாங்குவதில் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறார்கள். குழாயின் வாய்க்கு வெளியே எஃகு வளையம் போட்டு, உள்ளே கனமான எஃகுத் துண்டு வைத்து, முன்பக்கத்தை இறுக்குகிறார்கள்.

முன்பக்கத்தில் கெட்டி, முன்பக்கத்தில் கனம், மூட்டில் இறுக்கம்! இஷி மணற்கல்லில் தேய்த்துச் செய்தது வேறென்ன?

இஷி மட்டுமா? 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,300 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏட்சி என்று பெயர் வைத்தார்கள். அவன் தூணியில் இருந்த 14 தண்டுகளில் இரண்டு மட்டுமே முடிந்த அம்புகள், இரண்டும் முறிந்தவை. அவற்றில் ஒன்றின் முன்பக்கத்தில் வேறொரு கெட்டி மரத்தை ஒட்டுப் போட்டிருந்தான்! நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையின் பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்து, சுமார் 48,000 வருஷத்துக்கு முன்பே அங்கு வில்லும் அம்பும் இருந்தன என்று 2020-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர்கள் அவர்கள். யாரும் யாருக்கும் கடிதம் போட்டுக் கேட்கவில்லை. அம்பு முறிகிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பார்த்து எல்லோரும் ஒரே பாடம் படித்தார்கள்.

முடிவாக

இஷி 1916 மார்ச் 25-ஆம் தேதி இறந்தபோது குரோபர் நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுத்துப் பார்க்க வேண்டாம், விஞ்ஞானம் எக்கேடும் கெடட்டும், நாம் நம் நண்பர்கள் பக்கம் நிற்போம் என்ற கருத்தில் அவசரமாகக் கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மூளையைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள். அதைவிட வருத்தம், அந்த மூளையை மறுவருஷம் வாஷிங்டனில் இருந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தவர் அதே குரோபர். எண்பது வருஷத்துக்கும் மேலாக அது அங்கேயே இருந்தது. பழங்குடி மக்கள் விடாமல் கேட்டதன் பேரில், 2000-ஆம் வருஷம் அவருடைய உறவு முறையில் வரும் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதையும் அஸ்தியையும் சேர்த்து, வெளியாருக்குச் சொல்லாத ஓரிடத்தில் அடக்கம் செய்தார்கள்.

வில்லாளிகள் சங்கத்துக்கு 1961-இல் போப், யங் இருவர் பெயரையும் வைத்தார்கள். குரு பெயரை வைக்கவில்லை. நம் ஊரிலும் நடக்காத விஷயம் இல்லை. உலைக்களத்திலும் பட்டறையிலும் நமக்குக் கற்றுக்கொடுத்த எத்தனை பேருடைய பெயர் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

இஷியைத் தகனம் செய்தபோது நண்பர்கள் பெட்டிக்குள் அவருக்கு வேண்டியதையெல்லாம் வைத்தார்கள். ஓக் கொட்டை மாவு, கொஞ்சம் புகையிலை, சிப்பி மணிகள், அவர் செய்த ஒரு வில். கூடவே ஐந்து அம்புகள். அவருடைய கணக்கு ஐந்துதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை நாம் எல்லோரும் கல்லூரியில் கூடும்போது, ஆய்வுக்கூடம் திறந்திருந்தால் உள்ளே போய் அந்தக் கத்திமுனைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அவற்றின் மேல் நாம் வைத்தது வெறும் கட்டை இல்லை.